நாலாவது தட்டு

நகரப் பேருந்து ஓட்டும் தம்பிக்குப் பயணிகள் வைத்த பெயர் பிரேக். அடுத்த ஸ்டாப்புக்கு இந்த ஸ்டாப்பிலேயே பிரேக் போட ஆரம்பித்துவிடுவான் என்பார்கள். கொஞ்சம் மிகைதான், ரொம்ப மிகையில்லை. பத்து வருடத்தில் ஒரு சைக்கிளைக்கூட உரசியதில்லை என்று டிப்போவில் அவனுக்கு நல்ல பெயர். நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தான் என்றுதான் யாரும் பெயர் கொடுக்கவில்லை.

இப்படிப்பட்ட ஆளைத்தான் அவன் அக்கா தன் நீச்சல் போட்டிகளுக்குத் தட்டுக்காரனாக வைத்திருந்தாள். இந்த உத்தியோகத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். அக்காவுக்குப் பிறவியிலிருந்தே பார்வை கிடையாது. பார்வையில்லாதவர்களுக்கான பந்தயத்தில் நீந்துகிறவளுக்குச் சுவர் எப்போது வருகிறது என்று தெரியாது. முழு வேகத்தில் வந்து மோதினால் கை போய்விடும், பயந்து மெதுவாக வந்தால் பந்தயம் போய்விடும். அதனால் முடிகிற பக்கத்தில் ஒருவன் நீளமான கோலோடு நிற்பான். சுவர் நெருங்கும்போது கோல் நுனியால் அவள் தலையில் ஒரு தட்டு. தட்டு விழுந்ததும் ஒரு கை போட்டு நீட்டினால் சுவர். அவ்வளவுதான் வேலை. வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொன்னாலும் குற்றம். எட்டு பேர் நீந்தினால் கரையில் எட்டு பேர் மீன் பிடிக்க வந்தவர்களைப்போல கோலும் கையுமாகக் குனிந்து நிற்பார்கள். புதிதாகப் பார்ப்பவர்களுக்குச் சிரிப்பு வரும். நிற்பவர்களுக்குக் கண்ணை இமைக்கவும் நேரமிருக்காது.

தம்பியின் கோல் அவனே செய்தது. தூண்டில் கம்பின் அடிப்பாகம், நுனியில் டிப்போவில் கழித்துப்போட்ட பேருந்து இருக்கையின் ஸ்பாஞ்சு, அதன்மேல் அக்காவின் பழைய ரப்பர் தொப்பி. "பத்து வருஷமா டவுன் பஸ் சீட்டால அடி வாங்குறேன்" என்று அக்கா ஊர் முழுக்கச் சொல்லியிருந்தாள்.

பந்தயம் முடிந்த பிறகு இன்னொரு வழக்கமும் அவர்களுக்குள் இருந்தது. காதில் தண்ணீர், சுற்றிலும் கூச்சல், பலகையில் ஓடுகிற முடிவு அவளுக்குத் தெரியாது. தடத்தைப் பிரிக்கிற கயிற்றைப் பிடித்துக்கொண்டு தலையைக் குனிவாள். வந்த இடத்தை அவன் தட்டிச் சொல்வான். முதலிடம் என்றால் ஒன்று, இரண்டாமிடம் என்றால் இரண்டு. உள்நாட்டில் பெரும்பாலும் ஒன்றோடு முடிந்துவிடும். வெளிநாட்டுப் போட்டிகளில்தான் தட்டு நிற்காமல் விழும். முதல் தடவை ஏழு. "போதும்டா, புரிஞ்சிடுச்சு" என்று ஐந்திலேயே கையைத் தூக்கினாள். அடுத்த தடவை ஆறு. அதற்கடுத்து, நாலு வருடத்துக்கு முன்னால், நாலு. மூன்றாவதாக வந்தவளுக்கும் அக்காவுக்கும் ஒரு நக அகலம்கூட இல்லை. "ஏழு தட்டும் மறந்துபோச்சு, ஆறும் மறந்துபோச்சு. அந்த நாலாவது தட்டு மட்டும் இன்னும் வலிக்குது" என்பாள். சிரித்துக்கொண்டேதான் சொல்வாள். ஆனால் அந்தச் சிரிப்பை நம்ப தம்பி ஒன்றும் நேற்றுப் பிறந்தவனில்லை.

இப்போது அக்காவுக்கு முப்பத்தெட்டு வயது. இதுதான் கடைசி என்று சொல்லிவிட்டாள். ஐம்பது மீட்டர், ஒரே நீளம், ஒரே தட்டு. மூன்றுக்குள் வந்தால் மெடல். வராவிட்டால் ஆஸ்பத்திரியின் டெலிபோன் மேசைக்குப் போய், "லைன்ல இருங்க சார்" என்று ஓய்வு பெறும்வரை சொல்லிக்கொண்டிருக்க வேண்டியதுதான். அந்த மேசையில் பதினைந்து வருடம் உட்கார்ந்ததில் ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டிருந்தது. தம்பிமேல் நிஜமாகவே கோபம் வந்தால் டேய் என்ற சொல் மறைந்து, ஆஸ்பத்திரிக் குரலில் மரியாதையாகப் பேச ஆரம்பிப்பாள். அந்தக் குரலுக்கு அவன் அடங்கிவிடுவான்.

போட்டிக்கு முந்தின நாள் பயிற்சியின்போது கோச்சம்மா தன் போனில் தம்பியைப் படம் பிடித்தார். இந்த அம்மாளின் முன்னால் மேடம், முதுகுக்குப் பின்னால் கோச்சம்மா. நல்ல மனுஷி, நீச்சல் குளத்தைத் தவிர உலகத்தில் எதையும் பார்க்காதவர். மத்தியானம் ஓட்டல் வராந்தாவில் தம்பியை மடக்கினார்.

"தம்பி, இதைப் பாருங்க. ஒரு கை வீச்சு முன்னாடியே தட்டுறீங்க."

படத்தில் அவனே அவனுக்கு அசிங்கமாகத் தெரிந்தான். கரையில் முக்கால்வாசி உடம்பு வெளியே தொங்க, இன்னும் கொஞ்சம் விட்டால் தண்ணீருக்குள் விழுகிற மாதிரி எட்டி, அக்கா சுவருக்கு வருவதற்கு வெகுமுன்னாலேயே அவள் தலையில் ஸ்பாஞ்சை வைக்கிறான். தட்டு விழுந்த இடத்தில் கோச்சம்மா படத்தை நிறுத்தினார். அதற்குப் பிறகு அக்கா என்ன செய்தாள் என்று அவரும் பார்க்கவில்லை, இவனும் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் இந்தக் கதை இங்கேயே முடிந்திருக்கும்.

"எவ்வளவு நாளா இப்படி?"

தம்பிக்குத் தேதியோடு தெரியும். இரண்டு வருடத்துக்கு முன்னால் உள்நாட்டுப் போட்டியில் அக்கா எல்லோருக்கும் முன்னால் வந்துகொண்டிருந்தாள். சந்தோஷம் தாங்காமல் இவன் பலகையைத் திரும்பிப் பார்த்துவிட்டான். அரை வினாடிதான். திரும்பியபோது அக்கா சுவரில் இருந்தாள். இரண்டு விரல் முறிந்தது. மாவுக்கட்டோடு வீட்டுக்கு வந்தவள், "ஜெயிச்சேனா இல்லையா, அதைச் சொல்லு முதல்ல" என்று கேட்டாள். ஜெயித்திருந்தாள். இவன்தான் வராந்தாவில் போய் அழுதான். அன்றிலிருந்து கோல் தானாக முந்திக்கொண்டது. முதலில் நாலு விரல் அளவு, அப்புறம் ஒரு சாண், அப்புறம் ஒரு கை. யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அக்காவும் சொல்லவில்லை. அவளுக்குத் தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டான். பள்ளிக்கூட நாளில் அவன் காலடிச் சத்தத்தை வைத்தே அவன் வகுப்பில் எத்தனை மதிப்பெண் வாங்கினான் என்று சொன்னவளுக்கு இது தெரியாது என்று நினைத்தது அவன் புத்திசாலித்தனம்.

"இதனால கால் வினாடி போகுது தம்பி. கால் வினாடியிலதான் மெடல் இருக்கு."

தம்பிக்கு அந்த இடத்திலேயே பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது. அக்காவின் மெடலை இத்தனை நாள் தன் பயத்தால் அவனே தின்றுகொண்டிருந்திருக்கிறான். அவளிடம் சொல்லாமல் சரிசெய்துவிடுவது என்று முடிவெடுத்தான். சொன்னால் இரண்டு வருடமாகப் பயந்தாங்கொள்ளியாக இருந்ததையும் சேர்த்துச் சொல்ல வேண்டுமே.

அன்று பிற்பகல் முழுக்க ஓட்டல் வராந்தாவில் பயிற்சி நடந்தது. கோச்சம்மா தன் சக்கரம் வைத்த பெட்டியைச் சுவரை நோக்கி உருட்டிவிடுவார். தம்பி சுவரோரம் நின்று, சரியான தூரம் வந்ததும் பெட்டியின் தலையில் தட்டுவான். முதல் பத்துப் பெட்டிகளுக்கு முந்தித் தட்டினான். அடுத்த ஐந்துக்குத் தட்டவே மறந்து பெட்டி சுவரில் இடித்து, கைப்பிடி உடைந்தது. படுக்கை விரிப்பு மாற்ற வந்த பெண்மணி இவர்களைப் பார்த்துவிட்டுத் தன் வண்டியோடு வந்த வழியே திரும்பிப் போனாள். நாற்பதாவது பெட்டியில் கை சரியாக வந்துவிட்டது. தம்பிக்கு இரண்டு வருடத்தில் முதல்முறையாக நெஞ்சு நிமிர்ந்தது.

மறுநாள் காலை தகுதிச் சுற்று. தொடங்கும் முன் அதிகாரி ஒருவர் எல்லோருடைய நீச்சல் கண்ணாடியையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஒருத்திக்குத் துளி வெளிச்சம் தெரிந்து இன்னொருத்திக்குத் தெரியாமல் போனால் நியாயமில்லை என்று எல்லோருக்கும் கறுப்புப் பூசிய கண்ணாடிதான் விதி. அக்கா தன்னுடையதைக் கழற்றிக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் இருந்த கோச்சம்மாவிடம் சொன்னாள்: "எனக்குக் கண்ணு தெரியுதுன்னு இவரு கண்டுபிடிச்சா உடனே எங்கம்மாவுக்கு போன் போடுங்க மேடம். ரொம்ப சந்தோஷப்படுவாங்க."

சீட்டி ஊதியதும் குளம் முழுக்க அமைதி. அக்கா பாய்ந்தாள். கயிற்றை ஒரு தோளால் உரசிக்கொண்டு, தண்ணீரைக் கிழித்துக்கொண்டு வந்தாள். தம்பி பலகையைப் பார்க்கவில்லை. பக்கத்துக் கோல்களைப் பார்க்கவில்லை. எட்டவில்லை, தொங்கவில்லை. நாற்பத்தோராவது பெட்டி என்று நினைத்துக்கொண்டு மிகச் சரியான இடத்தில் தட்டினான்.

அக்கா இன்னொரு கை போட்டாள்.

அந்தக் கைக்கு அங்கே இடமில்லை. பாதி வீச்சில் விரல்கள் சுவரில் போய் மோதிய சத்தம் தம்பிக்கு மட்டும் பெரிதாகக் கேட்டது. அக்கா கயிற்றைப் பிடித்துக்கொண்டு வழக்கம்போலத் தலையைக் குனிந்தாள். தட்டு வரவில்லை. அந்தத் தலையைத் தொட அவனுக்குத் தைரியம் இல்லை. கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு அவளாகவே மேலே ஏறினாள்.

மருத்துவர் விரலை அழுத்திப் பார்த்து, முறியவில்லை, வீக்கம்தான், மாலையில் நீந்துவது அவள் விருப்பம் என்று சொல்லிவிட்டுப் போனார். உடை மாற்றும் அறைக்கு வெளியே ஒரு பெஞ்சில், பனிக்கட்டிப் பைக்குள் கையை வைத்துக்கொண்டு அக்கா உட்கார்ந்திருந்தாள்.

"அக்கா."

"சொல்லுங்க சார். எந்த வார்டு வேணும்?"

தம்பிக்கு உள்ளே ஏதோ கழன்று விழுந்தது. டேய் போய்விட்டது.

"அக்கா, நான்..."

"லைன்ல இருங்க சார்."

கோச்சம்மா நடுவில் புகுந்தார். "நடந்தது நடந்துபோச்சு. அஞ்சாவதா வந்து ஃபைனலுக்குள்ள நுழைஞ்சாச்சு. சாயந்திரம் நான் தட்டுறேன். இவளைத் தொடங்கற இடத்துக்குக் கூட்டிட்டுப் போக வேற ஆள் பார்த்துக்கலாம். கோலைக் குடுங்க தம்பி."

அது நியாயமான ஏற்பாடு என்று தம்பிக்கே பட்டது. பத்து வருடக் கோலை நீட்டினான். அம்மா சின்ன வயதில் அக்காவின் கையை அவன் கையில் கொடுத்து, பார்த்துக் கூட்டிப்போ என்று சொன்ன நாளிலிருந்து செய்துவந்த வேலை. இன்றோடு அது போய்விட்டது. அவன் கண்ணில் நீர் கட்டிக்கொண்டது.

கோல் கை மாறும் சத்தம் அக்காவுக்குக் கேட்டுவிட்டது. "இருங்க மேடம்" என்றாள். பிறகு அவன் பக்கம் திரும்பினாள். "இன்னைக்கு ஏன் சார் லேட்டா தட்டினீங்க?"

"லேட் இல்லக்கா. இன்னைக்குத்தான் சரியா தட்டினேன்."

"யாரு உங்களைச் சரியா தட்டச் சொன்னது?"

தம்பி கோச்சம்மாவைப் பார்த்தான். கோச்சம்மா கூரையைப் பார்த்தார். வேறு வழியில்லாமல் படம், வராந்தா, நாற்பது பெட்டி, உடைந்த கைப்பிடி வரைக்கும் எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தான். இரண்டு வருடமாக ஒரு கை முந்தித் தட்டிக்கொண்டிருந்ததையும் சொன்னான்.

"அது எனக்குத் தெரியாதா? தலை என்னோடதுடா."

டேய் திரும்பி வந்துவிட்டது. அதைக் கவனிக்கிற நிலையில் அவன் இல்லை.

"தெரிஞ்சும் ஏன்க்கா சொல்லல?"

"சொன்னா இன்னும் பயப்படுவ. ஒரு கை ரெண்டு கையாயிடும். அதனால நீ தட்டினதும் இன்னொரு கை சேர்த்துப் போட்டுட்டு நீட்டுவேன். சுவர் கரெக்டா அங்கதான் இருக்கும். ரெண்டு வருஷமா கணக்கு ஒரு குறையும் இல்லாம ஓடிட்டிருந்துச்சு. நேத்து மத்தியானம் நீ தைரியசாலி ஆகிற வரைக்கும்."

கோச்சம்மா பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். "ஒரே வீட்டுல இருக்கீங்க. ரெண்டு வருஷத்துல இதை ஒருத்தருக்கொருத்தர் வாயைத் திறந்து சொல்லவே மாட்டீங்களா? நாள் பூரா என்னதான் பேசுவீங்க?"

"இவன் பஸ் லேட்டான கதையைத்தான்."

தம்பிக்குச் சிரிப்பு வரவில்லை. தன் பயத்தை யாருக்கும் தெரியாமல் ஒளித்து வைத்திருப்பதாக நினைத்திருந்தான். அதை அவள் ஒவ்வொரு பந்தயத்திலும், ஒவ்வொரு பயிற்சியிலும், ஒரு கையாகப் போட்டு நீந்தியிருக்கிறாள். அவன் மனம் நோகக்கூடாது என்று.

"சரி, தெரிஞ்சுபோச்சுல்ல" என்றார் கோச்சம்மா. "சாயந்திரம் நான் சரியா தட்டுறேன். நீ அந்தக் கூடுதல் கையை விட்டுடு."

"விட முடியாது மேடம். அது இப்போ நான் நினைச்சுப் போடறது இல்ல. தட்டு விழுந்தா கை தானா போகுது. நீங்க சரியா தட்டினா நான் மறுபடியும் சுவத்துலதான் போய் விழுவேன்." அக்கா பைக்குள்ளிருந்து கையை எடுத்து விரல்களை மடக்கிப் பார்த்தாள். முகம் சுளித்தது. "கோலை அவன்கிட்டயே குடுங்க. அவன் பயம் எவ்வளவு நீளம்னு எனக்குத் தெரியும். தைரியம் எவ்வளவுன்னு தெரியாது."

கோல் திரும்பி வந்தது.

"டேய், சாயந்திரம் பழையபடி பயப்படணும். கூடவும் கூடாது, குறையவும் கூடாது."

"அளவா எப்படிக்கா பயப்படறது?"

"பஸ் ஓட்டுறதா நினைச்சுக்கோ. நான்தான் ஸ்டாப்." தலையைக் குனிந்தாள். "காலையில பாக்கி வச்சதைக் குடு."

தம்பி விரலால் அவள் தலையில் ஐந்து தட்டுத் தட்டினான்.

"நாலோட நிறுத்திடுவியோன்னு பார்த்தேன்" என்றாள் அக்கா. "நாலை விட அஞ்சு பரவாயில்ல."

மாலையில் தம்பி கரைக்கு வந்து நின்றபோது ஒரு புதிய சங்கடம் முளைத்தது. பயம் வரவில்லை. எல்லாவற்றையும் சொல்லித் தீர்த்ததில் மனம் லேசாகி, இரண்டு வருடமாகக் கூப்பிடாமலே வந்த பயம் இன்றைக்கென்று லீவு போட்டிருந்தது. முறிந்த விரலை நினைத்தான், மாவுக்கட்டை நினைத்தான். ஒன்றும் நடக்கவில்லை. பக்கத்தில் நின்ற தட்டுக்காரர், வேறு நாட்டு மனிதர், இவன் முகத்தைப் பார்த்து நட்பாகப் புன்னகை செய்தார். ஆள் எவ்வளவு நிதானம் என்று நினைத்திருப்பார்.

தூரத்தில் கோச்சம்மா அக்காவின் முழங்கையைப் பிடித்துக் கூட்டிவந்து நிறுத்தினார். அக்கா குனிந்து, மேடையின் விளிம்பைப் பிடித்தாள். வீங்கிய விரல் மட்டும் மற்ற விரல்களோடு சேராமல் தனியே நீட்டிக்கொண்டு நின்றது. ஐம்பது மீட்டர் தள்ளியிருந்தும் தம்பிக்கு அது தெரிந்தது.

பயம் வந்துவிட்டது. அதுவும் குடும்பத்தோடு வந்தது. உள்ளங்கை வேர்த்துக் கோல் வழுக்கியது. இந்தப் பயத்துக்கு இரண்டு கை முந்தித் தட்டிவிடுவான் என்று அவனுக்கே தெரிந்தது. சீட்டி ஊதியது. எட்டு பேரும் பாய்ந்தார்கள்.

ஸ்டாப், என்று தனக்குள் சொல்லிக்கொண்டான். ஸ்டாப்தான். தினம் நூறு ஸ்டாப். நேரமாகிவிட்டது என்று ஒருவர் பின்னால் கத்துகிறார், கத்தட்டும். இன்னொருவர் மணியைப் பார்க்கிறார், பார்க்கட்டும். எங்கே கால் வைக்கவேண்டுமோ அங்கே வைத்தால் போதும். அக்கா வந்தாள். இருபது மீட்டர். தோள் கயிற்றில் உரசியது, உரசினாலும் வேகம் குறையவில்லை. பத்து. கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது. பலகை இடது பக்கம்தான் இருந்தது, அவன் கழுத்து அந்தப் பக்கம் திரும்பவேயில்லை. உடம்பு முக்கால்வாசி வெளியே தொங்கியது, கோல் நீண்டது. உலகத்திலேயே மிக மோசமான, வெகு முந்திய, பிரேக் என்ற பெயருக்கு முழுத் தகுதியான தட்டு ஒன்று அக்காவின் தலையில் விழுந்தது.

அக்கா இன்னொரு கை போட்டு, நீட்டினாள்.

சுவர் அங்கே இருந்தது. மோதவில்லை, தேடவில்லை, விரல் நுனிகள் அதில் போய் உட்கார்ந்தன.

கூட்டம் ஒரேயடியாகக் கத்த ஆரம்பித்தது. யாருக்காகக் கத்துகிறார்கள் என்று தம்பிக்குத் தெரியவில்லை. அக்கா கயிற்றைப் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்க, தலையைக் குனிந்தாள். அவன் அவளுடைய கைகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். பத்து விரலும் இருந்தன.

"டேய். தூங்கிட்டியா?"

அப்போதுதான் பலகையைப் பார்த்தான். ஒரு தடவை பார்த்தான். கண்ணைத் துடைத்துக்கொண்டு, தடத்தின் எண்ணையும் அக்காவின் பெயரையும் விரல் வைத்துப் படிக்கிற குழந்தைபோல மறுபடி பார்த்தான். பிறகு கோலை நீட்டினான். அவசரத்தில் முதல் தட்டு அவள் காதின்மேல் விழுந்தது.

ஒன்று.

இரண்டு.

மூன்று.

அக்கா தலையை நிமிர்த்தவில்லை. நாலு வருடமாக வலித்த அந்த ஒன்றுக்காகப் பல்லைக் கடித்துக்கொண்டு, குனிந்தபடியே இருந்தாள். அது வரவில்லை. இன்னும் கொஞ்சம் பொறுத்துப் பார்த்தாள்.

"மீதி எங்கடா?"

"அவ்வளவுதான்க்கா" என்றான் தம்பி. "மீதி இல்ல."

எதற்கும் ஒரு பதில் கையில் வைத்திருக்கிற அக்கா மூச்சை இழுத்துக்கொண்டு தண்ணீருக்குள் போய்விட்டாள். அவள் மேலே வர வெகுநேரமாயிற்று. தம்பி கோலைக் கீழே போட்டுவிட்டுக் கரையில் மண்டியிட்டு, கையை நீட்டிக் காத்திருந்தான்.